செம்பு ஹீட்சிங்க் என்றால் எந்த போர்டுக்கும் சரியா?

"செம்பில் பெரிய ஹீட்சிங்க் வாங்கி மாட்டுங்க, எந்த சிப்செட்டுக்கும் பொருந்தும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். (ஹீட்சிங்க் என்பது சிப்பின் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகக் கட்டி; சிப்செட் என்பது மதர்போர்டில் பாகங்களுக்கு இடையே தகவலைக் கடத்தும் சிப்.) இதை நம்பி யாரும் பணத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் அளவு. என்ஃபோர்ஸ் 4 (என்விடியாவின் பழைய சிப்செட்) காலத்துப் பல போர்டுகளில் சிப்செட், கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருக்கும். அங்கே உயரமான ஹீட்சிங்க் வைத்தால் கார்டையே செருக முடியாது. எக்ஸ்570 (ஏஎம்டியின் சிப்செட்) போர்டுகள் பலவற்றிலும் இதே இட நெருக்கடிதான். அப்புறம் திருகுத் துளைகள்: அவற்றுக்கு இடையிலான தூரம் போர்டுக்குப் போர்டு மாறும். வாங்கும் முன் பழையதைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். கார்டுக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்பதையும் சேர்த்து.

செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும், உண்மைதான். ஆனால் அதே அளவு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் எடை. டவர் கேஸில் போர்டு செங்குத்தாக நிற்கும். பிளாஸ்டிக் பின்களில் தொங்கும் கனமான கட்டி மெல்லச் சாய்ந்து ஒரு பக்கம் விலகிவிடக்கூடும். சிப் மேலே உலோக மூடியில்லாத வகையாக இருந்தால் அதன் ஓரம் உடையவும் கூடும். எக்ஸ்570 சிப்செட்டின் வெப்பமே சுமார் 11 வாட்தான். நல்ல துடுப்புகளும் (ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகள்) கொஞ்சம் காற்றோட்டமும் இருந்தால் அதற்கு அலுமினியமே தாராளம்.

இன்னொன்று, தெர்மல் பசையும் (சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசுவது) ஒட்டுப்பசையும் வேறு வேறு. ஒட்டுப்பசை போட்டால் பிறகு கழற்றும்போது சிப்பே பெயர்ந்து வரலாம்.