ரப்பர் ஹோஸ் வெட்டும் கருவியை அதன் பிளேடைப் பார்த்து வாங்குங்கள்

ரப்பர் ஹோஸையும் டியூபையும் சுத்தமாக வெட்ட எந்தக் கைக்கருவியை வாங்கலாம் என்று யார் கேட்டாலும், உடனே வந்து விழும் பதில் பி.வி.சி. பைப் வெட்டும் ராட்செட் கட்டர் (கைப்பிடியை அமுக்க அமுக்க பிளேடு ஒவ்வொரு பல்லாக முன்னேறும் கருவி) என்பதாகவே இருக்கிறது. அது எதையும் வெட்டும் என்று சேர்த்துச் சொல்வார்கள். வெட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுத்தமாக வெட்டும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. விறைப்பான பிளாஸ்டிக் குழாய்க்காக உருவான அந்தக் கருவியின் பலமெல்லாம் கையின் அழுத்தத்தைப் பல் பல்லாகக் கூட்டித் தருவதில் இருக்கிறது. ரப்பரை வெட்டும்போதோ, பிளேடு கூர்மையாக இருந்தால் அவ்வளவு அழுத்தம் தேவையே இல்லை. எனவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பிளேடின் தடிமனையும், அது மழுங்கினால் எளிதில் மாற்ற முடியுமா என்பதையும்தான் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் ரப்பரின் இயல்பிலேயே இருக்கிறது. ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஓரிடத்தில் அமுங்கிய பொருள் வேறோர் இடத்தில் பிதுங்கி நிற்கும். முதுகுப்புறம் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆப்பு வடிவ பிளேடு உள்ளே இறங்கும்போது, அது ரப்பரை வெட்டுவதற்கு முன்னால் இருபுறமும் ஒதுக்கித் தள்ளுகிறது. போதாக்குறைக்கு, ரப்பர் பிளேடின் பக்கங்களைப் பற்றிக்கொண்டு அதன் பாதையைத் திருப்பவும் செய்கிறது. வெட்டி முடித்துக் கருவியை விலக்கியதும் ஹோஸ் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்போதுதான் வெட்டுமுகம் நேராக இல்லாமல் குழிந்தோ சாய்ந்தோ இருப்பது கண்ணில் படும். ராட்செட் கட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒவ்வொரு பல்லிலும் அழுத்தம் நின்று நின்று ஏறுவதால், மென்மையான டியூபில் வெட்டு நின்ற இடங்கள் மெல்லிய படிகளாகப் பதிந்துவிடுகின்றன.

கத்தரிக்கோலின் நிலை இதைவிட மோசம். அதன் இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும்போது ஹோஸ் நடுவில் நசுங்கி நீள்வட்டமாகிறது, சற்றே உருளவும் செய்கிறது. அந்த நிலையில் விழுந்த வெட்டு, குழாய் மீண்டும் வட்டமானதும் கோணலாகத் தெரிகிறது. செடி வெட்டும் கத்தரிகளில்கூட, இரண்டு அலகும் உரசிக் கடக்கும் வகையை விட, ஒற்றை பிளேடு தட்டையான அடித்தட்டின்மேல் வந்து அமரும் வகை ரப்பருக்கு மேலானது. செம்புக் குழாய்க்கான சக்கர வகைக் கட்டரை ரப்பரில் முயல்வது நேர விரயம். அந்தச் சக்கரம் ரப்பரை உள்ளே அமுக்கிக்கொண்டு சுற்றுமே தவிர வெட்டாது.

வெட்டுமுகம் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் என்ன, கிளாம்ப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். தோட்டத்துக் குழாய்க்கு அந்த வாதம் பொருந்தும். காற்றழுத்தக் கருவிகளில் பயன்படும் 4, 6, 8 மில்லிமீட்டர் டியூபுகளுக்கு அது பொருந்தாது. டியூபை அழுத்திச் செருகும் ஃபிட்டிங்கின் (இணைப்புத் துண்டின்) உள்ளே இருக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், டியூபின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பிடித்துத்தான் கசிவைத் தடுக்கிறது. முனை சாய்வாக இருந்தால் டியூப் அடிவரை சென்று முழுமையாக அமர்வதில்லை, பிசிறு இருந்தால் அது ஓ-ரிங்கைக் கீறிவிடுகிறது. சிலிக்கோன் டியூபில் இந்த அக்கறை இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் சாதாரண சிலிக்கோன் ரப்பர் கிழிசலைத் தாங்கும் திறன் குறைந்தது. விளிம்பில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தால், அதை இழுத்து விரித்து ஃபிட்டிங்கின்மேல் ஏற்றும்போது கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். எரிபொருள் செல்லும் ஹோஸை ஹேக்சாவால் அறுப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! அறுக்கும்போது உதிரும் ரப்பர்த் தூள் உள்ளேயே தங்கி, பிறகு எரிபொருளோடு ஓடி ஃபில்டரையும் நுண்ணிய துளைகளையும் அடைக்கக் காத்திருக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது? ஒற்றை பிளேடும், அதற்கு எதிரே ஹோஸ் அசையாமல் அமர்வதற்கு ஏற்ற பள்ளமான படுகையும் கொண்ட ஹோஸ் கட்டரைத்தான் நான் பரிந்துரைப்பேன். படுகையின் நடுவில் பிளேடு இறங்கிச் செல்ல ஒரு மெல்லிய பிளவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசி இழை வெட்டுப்படாமல் தோல்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டிகளைப் பிரிக்கப் பயன்படும் சரிவக வடிவக் கத்தி பிளேடு சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அந்தச் சாதாரண பிளேடையே பொருத்திக்கொள்ளும் கட்டர்களும் விற்கின்றன. என்னைக் கேட்டால், தனக்கென்று மட்டுமே செய்யப்பட்ட, மாற்று பிளேடு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் உள்ள பளபளப்பான கருவியைவிட, பார்க்க எளிமையாக இருக்கும் இந்த வகையே மேல். ரப்பரானது பிளேடை வேகமாக மழுங்கச் செய்யும், அதிலும் கரித்தூளும் கனிமத் தூளும் கலந்த கருப்பு ரப்பர் இன்னும் வேகமாக. மழுங்கிய பிளேடைத் தீட்டிக்கொண்டிருக்காமல் கழற்றி வீசிவிட்டுப் புதியதைப் போட முடிய வேண்டும்.

வாங்குவதற்கு முன் கருவியைக் கையில் எடுத்து, பிளேடைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். அச்சாணியில் ஆட்டம் இருந்தால் வெட்டு ஒருபோதும் நேராக வராது, கைப்பிடி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி. அட்டையில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு ஹோஸின் வெளிவிட்டத்தைக் குறிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; ஹோஸையோ நாம் பெரும்பாலும் உள்விட்டத்தைச் சொல்லித்தான் வாங்குகிறோம், தடித்த சுவருள்ள ஹோஸில் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கணிசமானது. கருவியை மூடிப் பூட்டும் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்பதும் முக்கியம், ஏனெனில் ரப்பரை வெட்டும் அளவுக்குக் கூர்மையான பிளேடு விரலை வெட்ட யோசிக்காது.

வெட்டும் முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல கருவியையும் வறண்ட பிளேடோடு பயன்படுத்தினால் பாதிப் பயன் போய்விடும். பிளேடில் சோப்பு கலந்த தண்ணீர் தடவினால் உராய்வு குறைந்து வெட்டு வழுக்கிக்கொண்டு போகும். இயந்திர எண்ணெயைத் தடவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: ரேடியேட்டர் ஹோஸ்களில் பரவலாக உள்ள இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரும் இயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதேபோல், நேராக அமுக்குவதைவிட, இழுத்தபடி அமுக்கினால் பாதி வலிமை போதும். கத்தியால் தக்காளி நறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளேடு சாய்வாக வந்து இறங்கும் கட்டர்கள் இந்த இழுப்பைத் தாமாகவே தருவதால், இரண்டு கருவிகள் மற்றபடி சமமாக இருந்தால் நான் அவற்றையே தேர்ந்தெடுப்பேன்.

எப்போதாவது ஒருமுறை ஒன்றிரண்டு ஹோஸ் வெட்டுபவர் தனிக் கருவி வாங்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். ஹோஸ் கிளாம்ப் ஒன்றை வெட்ட வேண்டிய இடத்தில் லேசாக இறுக்கி, அதன் விளிம்பை ஒட்டிப் புதிய பிளேடு போட்ட கத்தியைச் சுற்றிக் கொண்டுவந்தால், பல கட்டர்கள் தராத நேரான வெட்டு கிடைக்கும். மெல்லிய சுவருள்ள ஹோஸ் நசுங்காமல் இருக்க, உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் மரக்குச்சி ஒன்றை உள்ளே செருகிக்கொள்ளலாம். நேரம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். நாள்தோறும் பல துண்டுகள் வெட்டுபவருக்கு அந்த நேரமும் கவனமும் கட்டுப்படியாகாது, கட்டர் அவருக்கானது.

நூல் பின்னல் உள்ளே உள்ள ஹோஸை மேற்சொன்ன கட்டர் வெட்டிவிடும், பிளேடு மட்டும் சீக்கிரம் தேயும். எஃகுக் கம்பிப் பின்னல் உள்ள ஹைட்ராலிக் ஹோஸ் முற்றிலும் வேறு விஷயம். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் தரப்படி ஒற்றைப் பின்னல் கொண்ட 100ஆர்1 வகையானாலும், இரட்டைப் பின்னல் கொண்ட 100ஆர்2 வகையானாலும், இந்தக் கைக்கட்டரை அதன் அருகே கொண்டுசெல்லாதீர்கள்; பிளேடு உடைந்து துண்டு தெறிக்கும். அவற்றுக்கு மோட்டாரில் சுழலும் பிளேடு கொண்ட வெட்டு இயந்திரம்தான் ஏற்றது, வெட்டிய பிறகு உள்ளே ஒட்டியுள்ள துகளையும் சுத்தம் செய்தாக வேண்டும். சுருள்கம்பி உள்ள உறிஞ்சு ஹோஸில் ரப்பரைக் கத்தியாலும் கம்பியைக் கம்பி வெட்டும் குறடாலும் தனித்தனியே வெட்டுவதே நடைமுறை. வாகனத்தின் பிரேக் ஹோஸை எந்தக் கருவியாலும் வெட்டிச் சுருக்கக் கூடாது. இரு முனைகளிலும் ஃபிட்டிங் பொருத்தி ஆலையிலிருந்து வந்ததை அப்படியே மாற்ற வேண்டும்.