தனி அலமாரி போதாது

பள்ளி நூலகத்தில் பன்முகத்தன்மைக்கென்று, அதாவது பல மொழி, பல பின்னணிப் பிள்ளைகளுக்கான நூல்களுக்கென்று, ஓர் அலமாரியை ஒதுக்கினாலே போதும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெங்களூரில் என் மகள் படிக்கும் பள்ளியில் அப்படியோர் அலமாரி இருக்கிறது; ஆனால் அதன் கண்ணாடிக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது, சாவி தலைமையாசிரியையின் அறையில்.

வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளுக்கு, ஒரே கதை இம்மொழிகளில் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதுதான் முதல் தேவை. இந்நகரிலேயே இயங்கும் சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இத்தகைய கதைகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். சென்ற மாதம் ஒரு கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன் (அட்டை கோணலாகத்தான் அமைந்தது); வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி தமிழ்ப் பக்கத்தை உரக்க வாசிக்க, அவள் தோழி கன்னடத்தில் தொடர்ந்தாள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களுக்காக நூல்களைப் பிரெயிலாகவோ ஒலிவடிவாகவோ மாற்றிக்கொள்ள, 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, நாளிதழ்களும் கதைநூல்களும் கொண்ட நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது. பூட்டிய அலமாரியை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.