சயாமுக்குப் போனவர்களும் என் இருபது கேள்விகளும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். அப்படிப் போன ஒருவரின் மகளான பாட்டியை முதல் தடவை வீட்டில் போய்ப் பார்த்தபோது என் கையில் இருபது கேள்விகள். சேலைத் தலைப்பில் மைக்கை வேறு மாட்டிவிட்டேன். "உங்க அப்பா எந்த வருஷம் சயாமுக்குப் போனாரு?" "தெரியாதுய்யா." "எந்தக் கேம்ப்?" "அதெல்லாம் யாருக்குத் தெரியும்." பத்து நிமிஷத்தில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

போன திருவிழாவில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாலைந்து பாட்டிமாரைச் சேர்த்து உட்கார வைத்தோம். ஒருவர், "பெரட்டுக் களத்துலதான் லாரி வந்து நின்னுச்சு" என்று, காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற களத்தைச் சொல்லி ஆரம்பித்தார். நம் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயைச் சொன்னார். "களத்துலயா? ஆயாக் கொட்டாய்க்குப் பக்கத்துலடி! எங்கப்பா என்னைத் தோள்லேர்ந்து இறக்கிவிட்டுட்டு ஏறினாரு. மடியில இருந்த வெத்தலையை எடுத்து எங்கம்மா கையில குடுத்தாரு." எண்பது வருஷத்துக்கு மேலாக அந்த வெற்றிலை அங்கேயே இருந்திருக்கிறது. என் கேள்விகள் அதன் பக்கம்கூடப் போகவில்லை.

சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டிச் சுத்தமாக. நம் தோட்டத்துத் தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 என்று கணக்கிடுகிறார்கள். காலராவில் விழுந்தவர்களைக் குழியில் தள்ளி மூடியதுதான். கைதிகளாக இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் டாக்டர்களும் ஒளித்து ஒளித்து டைரி எழுதினார்கள். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்தே கைநாட்டு.

சிங்கப்பூரில் ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளை 1981லேயே பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். அப்போது பாதை போட்டவர்களுக்கே அறுபது வயதுதான். நமக்கு இன்று மிச்சம் இருப்பது அன்று குழந்தைகளாக இருந்தவர்கள். ரயிலைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். சாக்குத் துணி கட்டியதும், மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றதும், திரும்பி வந்த அப்பாவை அடையாளம் தெரியாமல் ஓடி ஒளிந்ததும் அந்த ரயிலின் கதை இல்லையா?

கூட்டத்தில் ஒருவர் சொன்னது இன்னொருவர் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றார் வரலாறு படித்த நண்பர். நியாயம்தான். அதனால் மறுவாரம் ஒவ்வொருவரையும் தனியாகவும் போய்ப் பார்க்கிறோம், கேள்வித்தாள் இல்லாமல். லாரி நின்ற இடம் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் அப்படியே வைக்கிறோம். 'திருத்தி', செந்தமிழாக்கி எழுதுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. பதிவை அன்றைக்கே இரண்டு இடத்தில் ஏற்றி, பேர், தோட்டம், தேதி எழுதி வையுங்கள். என் போன் தண்ணீரில் விழுந்ததில் ஒரு தாத்தா பேசிய நாற்பது நிமிஷம் போய்விட்டது. மறுபடி கேட்கலாம் என்று தைப்பூசம் கழித்துப் போனேன். வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.