அந்தப் பொண்ணு கையில போன் இருந்தா உங்களுக்கென்ன?

ரெண்டு நாளா அந்த போட்டோவும் அதுக்குக் கீழ வந்த கமெண்ட்டும் எல்லார் டைம்லைன்லயும் ஓடிட்டு இருக்கு, அதனால முதல்ல இருந்து விளக்கப் போறதில்ல. பொண்ணுங்க படிப்புக்குன்னு ஒரு ட்ரஸ்ட் வருஷா வருஷம் உதவித்தொகையோட குடுக்கற விருது, மேடையில சான்றிதழோட நிக்கற அந்தப் பொண்ணு, அவ கையில இருந்த போன். "இந்த போன் வச்சிருக்கவளுக்கு எதுக்கு உதவித்தொகை"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சார், அப்புறம் ஆளாளுக்கு ஜூம் பண்ணிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. சுடிதாரு, செருப்பு, கடைசியில புருவம். புருவம் திருத்தியிருக்காளாம், அதனால கஷ்டப்படற குடும்பமா இருக்க முடியாதாம்.

பேசாம கடந்து போயிடலாம்னுதான் இருந்தேன். நான் மதிக்கற ஒருத்தரே இன்னிக்குக் காலையில அங்க போய் "நியாயமான கேள்விதானே"ன்னு போட்டிருந்தத பாத்ததும் மனசு கேக்கல.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அது விருது. பிச்சை இல்ல. அவ படிச்சா, மார்க் எடுத்தா, விண்ணப்பம் போட்டா, நாலு பேர் முன்னாடி உக்காந்து பதில் சொன்னா, ஜெயிச்சா. ஜெயிச்சவ உங்க கண்ணுக்கு ஏழையாத் தெரியணும்னு எந்த விதியும் கிடையாது.

இந்த மாதிரி ட்ரஸ்ட் எப்படி நடக்குதுன்னு தெரியாமதான் பாதி பேர் பேசறாங்க. யாரோ ஒருத்தர் அம்மா பேர்லயோ இறந்துபோன மக பேர்லயோ ஒரு தொகைய ஒதுக்கி வைப்பாங்க, பெரும்பாலும் அந்த அசல் தொகையில கை வைக்காம அதுல இருந்து வர்ற வட்டியில வருஷத்துக்கு இத்தன பேர்னு குடுப்பாங்க. பணம் அளவானது, கேக்கறவங்க நெறைய, அதனால சும்மா தூக்கிக் குடுக்க முடியாது. மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ், இங்கதான் படிக்கறான்னு காலேஜ் குடுக்கற போனஃபைட் சான்றிதழ், ஃபீஸ் ரசீது, டீச்சர்கிட்ட ஒரு லெட்டர், அப்புறம் இன்டர்வியூ. அடுத்த வருஷமும் வேணும்னா மார்க் குறையக் கூடாது. இதெல்லாம் தாண்டி, ஃபைல பக்கம் பக்கமாப் பாத்தவங்க குடுத்த முடிவ, நீங்க ஒரு போட்டோவப் பாத்து ரெண்டு செகண்ட்ல தப்புன்னு சொல்றீங்க.

போன்தான் பிரச்சனையா? இன்னிக்கு பல இடத்துல விண்ணப்பமே ஆன்லைன்ல. ஃபார்ம தொறந்தா முதல்ல கேக்கறது மொபைல் நம்பர், அதுக்கு ஓடிபி வரும், சான்றிதழ ஸ்கேன் பண்ணி ஏத்தணும், இன்டர்வியூ தேதி மெசேஜ்ல வரும். போன் இல்லாத பொண்ணு அந்த மேடைக்கே வந்திருக்க முடியாது. கையில போன் இருந்தாதான் விண்ணப்பிக்கலாம், ஆனா விருது வாங்கறப்போ அத ஒளிச்சு வைக்கணும்னா என்ன நியாயம் இது?

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, அந்த மேடையில நானும் நின்னவ.

அப்போ காலேஜ் ரெண்டாவது வருஷம். இதே மாதிரி ஒரு ட்ரஸ்ட், பேர் வேண்டாம். விழாவுக்குப் போட்டுக்க நல்ல துணி இல்லன்னு என் ஃப்ரெண்டோட அக்கா அவங்களோட பச்ச சுடிதாரக் குடுத்தாங்க. தோள் லூஸா இருந்தது, உள்பக்கமா மடிச்சு ஊக்கு குத்தி விட்டாங்க. "வாட்ச்சும் கட்டிக்கோடி, வெறுங்கையா நிக்காத"ன்னு அவங்க வாட்ச்சையும் கழட்டி என் கையில மாட்டினாங்க. எனக்கு அது பெருசு, முழங்கை வரைக்கும் ஏறி எறங்கும். மேடைக்குப் பின்னாடி வரிசையில நிக்கறப்போ கமிட்டியில இருந்த ஒரு மேடம் வந்தாங்க, என் கையப் பிடிச்சுத் திருப்பி அந்த வாட்ச்சப் பாத்துட்டு, "ஏம்மா, இவ்வளவு நல்ல வாட்ச் கட்டியிருக்க, உண்மையிலேயே கஷ்டப்படற குடும்பந்தானா?"ன்னு கேட்டாங்க. சத்தம் போட்டுக்கூடக் கேக்கல. சிரிச்சுட்டேதான் கேட்டாங்க.

எனக்குப் பேச்சு வரல. இரவல் வாட்ச்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். பேர் கூப்பிட்டதும் போனப்போ தோள்ல இருந்த ஊக்கு விரிஞ்சு குத்திட்டே இருந்தது, நான் அசையாம நின்னேன். அந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டாவது மார்க் என்னுது. அது ஞாபகத்துலயே இல்ல, ஊக்குதான் ஞாபகம் இருக்கு.

அதனால "நியாயமான கேள்விதானே"ன்னு என்கிட்ட சொல்லாதீங்க. அந்தக் கேள்வி எங்க போய்க் குத்தும்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு கேக்கறேன். உலகத்துலயே பெரிய பேரு வாங்கின ஸ்காலர்ஷிப்ல ஒண்ணு, ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கக் குடுக்கற ரோட்ஸ் ஸ்காலர்ஷிப். 1902ல செத்துப்போன வைரச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸ் எழுதி வச்ச உயில்ல இருந்து வந்தது. படிப்பு, விளையாட்டு, குணம், தலைமைன்னு எல்லாம் பாப்பாங்க, வீட்டு வருமானம் அந்தக் கணக்குலயே கிடையாது. உயில் ஆம்பளைங்களுக்கு மட்டும்னுதான் இருந்தது, 1977லதான் பொண்ணுங்க முதல் தடவையா அதுல உள்ள போனாங்க. எழுபது வருஷத்துக்கு மேல பசங்க மட்டுமே வாங்கினப்போ, இவன் போட்டிருக்க ஷூ நல்லா இருக்கே, இவனுக்கு எதுக்குன்னு யாராவது கேட்டாங்களா? அத வாங்கினவன திறமைசாலின்னாங்க. நம்ம பொண்ணு வாங்கினா மட்டும் "பாவம், கஷ்டப்படற பொண்ணு"ன்னு ஆயிடுது, அந்தப் பாவத்துக்கு ஏத்த மாதிரி முகத்தையும் வச்சிருக்கணும்.

இதுக்கு ஒருத்தர் விஞ்ஞானி மேரி க்யூரிய இழுத்துட்டு வந்தார், "அவங்க வாங்கின உதவித்தொகையத் திருப்பிக் குடுத்தாங்களே, அதுதான் பண்பு"ன்னு. உண்மைதான். 1893ல பாரிஸ்ல இயற்பியல்ல முதலா வந்தும் மேல படிக்கக் கையில காசில்லாம இருந்தப்போ, போலந்துல இருந்து 600 ரூபிள் ஸ்காலர்ஷிப் கெடச்சது. அத வச்சுத்தான் அடுத்த வருஷம் கணிதப் பட்டமும் வாங்கினாங்க. பின்னாடி சம்பாதிக்க ஆரம்பிச்சதும், இன்னொரு மாணவருக்குப் போகட்டும்னு முழுசாத் திருப்பிக் குடுத்தாங்க. ஆனா அத யாரும் அவங்ககிட்டத் திருப்பிக் கேக்கல, குடுத்தவங்களே எதிர்பாக்கல. மரியாதையாக் குடுத்தாங்க, அவங்க மரியாதையாத் திருப்பினாங்க. நீங்க முதல் பாதிய விட்டுட்டு ரெண்டாவது பாதிய மட்டும் எதிர்பாக்கறீங்க.

"பொய் சான்றிதழ் குடுத்து வாங்கறவங்களும் இருக்காங்கல்ல?" இருக்காங்க, மறுக்கல. சந்தேகம்னா ட்ரஸ்டுக்கு எழுதுங்க, அவங்க விசாரிப்பாங்க. ஒரு பொண்ணோட முகத்த ஊரெல்லாம் பரப்பிட்டு விசாரணைன்னு சொல்லாதீங்க.

"பசங்களுக்கு ஏன் இல்ல?" தாராளமாக் குடுக்கட்டும், யார் வேண்டாம்னா. ஆனா பொண்ணுங்களுக்குன்னு தனியா ஏன்னு கேட்டா, 1890ல கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுல ஃபிலிப்பா ஃபாசெட்னு ஒரு மாணவி முதல் இடத்துல வந்த பையன விட அதிக மார்க் எடுத்தும் அவங்களுக்குப் பட்டம் குடுக்கல. அங்க பொண்ணுங்களுக்குப் பட்டம் குடுக்க 1948 ஆச்சு. அவ்வளவு தூரம் பின்னாடி இருந்து ஓடி வந்திருக்கோம்.

"பணம் குடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இல்லையா?" இதுதான் ரொம்ப பேர் கேட்டது, எனக்கு ரொம்பக் கோவம் வந்ததும் இதுக்குத்தான். கேட்டவங்கள்ல எத்தன பேர் அந்த ட்ரஸ்டுக்குப் பணம் குடுத்தீங்க? குடுத்தவங்க சும்மாதான் இருக்காங்க. சரி, குடுத்தவங்களே கேட்டாலும், கணக்கக் கேளுங்க, எத்தன பேர் படிச்சு முடிச்சாங்கன்னு கேளுங்க. அவ வீட்டு அடுப்ப ஏன் எட்டிப் பாக்கறீங்க?

நல்லது செய்யற ட்ரஸ்டுகளுக்கும் ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பழக்கத்த நீங்களும்தான் வளத்து விட்டீங்க. மைக்கக் கையில குடுத்து "உன் கஷ்டத்தச் சொல்லும்மா"ன்னு கேக்கறது, அப்பா குடிப்பாரா, அம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு ஆயிரம் பேர் முன்னாடி சொல்ல வைக்கறது, அவ அழுதா கை தட்டறது, அந்த வீடியோவ வச்சு அடுத்த வருஷம் நன்கொடை கேக்கறது. அழுதவளுக்குக் கை தட்டிப் பழகின கூட்டம், சிரிச்சுட்டு நிக்கறவளப் பாத்தா சந்தேகப்படத்தான் செய்யும். அவ என்ன படிக்கறா, எந்தப் பாடம் பிடிக்கும், அடுத்து என்ன பண்ணப் போறான்னு ஒரு தடவையாவது மைக்குல கேட்டிருக்கீங்களா? எங்க விழாவுல யாரும் என்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா நான் நிறுத்தாம பேசியிருப்பேன். மண்ணுல இருக்கற நுண்ணுயிரி பத்தி அப்போ பைத்தியமா படிச்சுட்டு இருந்தேன்.

அப்புறம் இன்னொரு விஷயம், இது எழுதறப்பத்தான் எனக்கே புரியுது. ஒரு தடவ உதவி வாங்கிட்டா வாழ்நாள் முழுக்க அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு பொண்ணுங்க மேல ஒரு கணக்கு இருக்கு. வேலைக்குப் போய் முதல் சம்பளத்துல ஒரு கைப்பை வாங்கினேன். "அந்தக் காலத்துல ஸ்காலர்ஷிப்ல படிச்ச பொண்ணு, இப்ப பாரு"ன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. என் காசு அது. என் சம்பளம். அதுக்கும் நான் அந்த மேடைக்கு கணக்கு சொல்லணுமா?

அந்த விழாவுல எடுத்த போட்டோ அலமாரியில ஒரு கவருக்குள்ள இருக்கு. எல்லாரும் கேமராவப் பாக்கறாங்க, நான் மட்டும் குனிஞ்சு வெறுங்கையப் பாத்துட்டு நிக்கறேன். என் மகளுக்கு இன்னும் அத நான் காட்டல.

தங்கச்சி, நீ யாருன்னு எனக்குத் தெரியாது, இது உன் கண்ணுல படுமான்னும் தெரியாது. உன் போட்டோவ நூறு தடவ பாத்துட்டேன். நீ நேரா கேமராவப் பாத்து சிரிச்சுட்டு இருக்க. அந்த போட்டோவ எடுத்துடாத.