சித்திரையிலும் ஓடுகிற மழைநீர் வடிகால்

மழைநீர் வடிகால் பணி முடிந்தால் சென்னை வேளச்சேரியில் தண்ணீர் தேங்காது, அங்குள்ள ஏரியும் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அங்கேயே 20 வருடமாகக் குடியிருக்கிறேன், என்னால் நம்ப முடியவில்லை. மழையே இல்லாத சித்திரை மாதத்தில் எங்கள் தெரு வடிகாலின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே கன்னங்கரேலென்று தண்ணீர், மேலே சோப்பு நுரை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். கோடையில் மழைநீர் ஏது? எல்லாம் திருட்டுக் கழிவுநீர் இணைப்பு. கடைசியில் போய்ச் சேருவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் அது!

வடிகால் மாநகராட்சிக்கு, ஏரி நீர்வளத்துறைக்கு, கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு, சதுப்பு நிலம் வனத்துறைக்கு. தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்கிற நீர்வழி வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போயாக வேண்டும். அந்த வழியில் தூர் வாராமல் தெருத்தெருவாக கான்கிரீட் போட்டு என்ன பயன்?

ஐப்பசிக்கு முன்னால் ஒவ்வொரு வார்டிலும் ஏரியா சபையை, அதாவது அந்தப் பகுதி மக்கள் கூட்டத்தைக் கூட்டி, எந்த வடிகாலில் எத்தனை திருட்டு இணைப்பு, எத்தனை அடைத்தார்கள் என்று மக்கள் முன்னால் வாசிக்கட்டும். அப்புறம் அடுத்த டெண்டரைப் பற்றிப் பேசலாம்.