தகவலாளி 3

கல்லூரி முடித்த புதிதில் ஓர் ஆய்வாளருக்காக ஒலிநாடா கேட்டு எழுதிக்கொடுக்கும் வேலையைச் சில மாதங்கள் செய்தேன். ஒரு சிறிய மலைக்குடியின் கதைப்பாடல். மொத்தம் பதினொரு நாடா. பாடியவர் வயதான ஒரு பெண்மணி. முதல் நாடாவில் பாட்டைத் தொடங்கும் முன்னால் தன் பெயரைச் சொல்வார். அம்மா பெயர், அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியம்மா பெயர் என்று இந்தக் கதை யார் வாயிலிருந்து யார் வாய்க்கு வந்தது என்பதை வரிசையாகச் சொல்வார். அப்புறம்தான் பாட்டு. நடுநடுவே நிறுத்துவார். "இந்த இடத்தை என் அத்தை வேறு மாதிரி பாடுவாள். அப்படிப் பாடினால் அண்ணன் செத்தது தங்கச்சிக்கு முன்னாடியே தெரிந்த மாதிரி ஆகிவிடும். அவளுக்குத் தெரியக்கூடாது" என்பார். மறுபடியும் பாட்டு.

"பாட்டை மட்டும் எழுதினால் போதும், பேச்சு வேண்டாம்" என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். விட்டுவிட்டேன். பக்கம் பக்கமாக விட்டுவிட்டேன். சில ஆண்டுகள் கழித்துப் புத்தகம் வந்தபோது ஆசையாகப் புரட்டினேன். முன்னுரையில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயர்கூட இருந்தது. அந்தப் பெண்மணியைத் தேடித் தேடிக் கடைசியில் பின்னிணைப்பில் கண்டுபிடித்தேன். "தகவலாளி 3, பெண், வயது சுமார் 60."

அன்றிலிருந்து இந்தத் தகவலாளி என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆய்வாளருக்குப் பாட்டோ கதையோ சொல்பவரைக் குறிக்கும் இது நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்களுக்கு அன்றாடச் சொல். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை என்பதும் தெரியும். ஆனால் ஒரு காப்பியத்தின் இரண்டு பாடங்களை, அதாவது இரண்டு வடிவங்களை, ஒப்பிட்டு, ஒன்று ஏன் பிழை என்று காரணம் சொல்பவர் செய்வது வெறும் தகவல் தருவதா? ஏட்டுச்சுவடிகளை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்பவரைப் பதிப்பாசிரியர் என்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். நினைவை வைத்துக்கொண்டு செய்தால் மட்டும் எண் போட்டுப் பின்னிணைப்பில் வைத்துவிடுகிறோம்.

சிறுபான்மை இனக்குழுக்களின் வாய்மொழிக் காப்பியங்களை ஆராய்ந்த அறிஞர்கள் என்று நாம் சொல்லும் பட்டியலில் பாதிப் பேர் விட்டுப்போயிருக்கிறார்கள் என்பது என் திடமான கருத்து. எனக்கு இதைப் புரியவைத்தது ஐனு மக்களின் கதை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவின் பூர்வகுடிகள் ஐனு. அவர்கள் மொழிக்குச் சொந்த எழுத்து கிடையாது. 1899இல் அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது. ஆனால் அது அவர்களை வேட்டையிலிருந்தும் மீன்பிடியிலிருந்தும் பிரித்து, விவசாயிகளாகவும் ஜப்பானியர்களாகவும் மாற்றப் பார்த்தது. 1997 வரை அந்தச் சட்டம் நீக்கப்படவில்லை. இத்தனைக்கும் நடுவில் யூகர் என்கிற நெடும்பாட்டு மரபை அந்த மக்கள் வைத்திருந்தார்கள். யூகரில் நாயகன் தன் கதையை 'நான்' என்றே சொல்வான். பாடுகிறவர் பாடி முடிக்கும்வரை அவனாகவே இருப்பார். வீட்டின் நடுவில் கணப்பு. அதைச் சுற்றியிருக்கும் மரச்சட்டத்தைக் கையிலிருக்கும் குச்சியால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே பாட்டு நடக்கும். கேட்பவர்கள் கையிலும் குச்சி இருக்கும். அவர்களும் தட்டுவார்கள். பாட்டு சூடு பிடிக்கும்போது 'ஹெத், ஹெத்' என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குச்சிகளின் சத்தத்தை எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்க முடியாது.

இந்த மரபுக்காக வாழ்நாளையே கொடுத்தவர் டோக்கியோ மொழியறிஞர் கிந்தாய்ச்சி கியோசுகே. ஐனு இலக்கிய ஆய்வு என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையதுதான். 1913இல் வாகர்பா என்ற பார்வையற்ற ஐனு பாடகர் டோக்கியோவில் தங்கிச் சொல்லச் சொல்ல, கிந்தாய்ச்சி நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டார். ஊர் திரும்பிய வாகர்பா அந்த ஆண்டே இறந்துபோனார். 1931இல் கிந்தாய்ச்சியின் பெரிய ஆய்வு நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. வாகர்பாவின் பெயர் ஐனு ஆய்வு படித்தவர்களைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

1918இல் கிந்தாய்ச்சி ஹொக்கைடோவின் அசாஹிகாவா அருகே ஓர் ஐனு வீட்டுக்குப் போகிறார். வீட்டில் மூன்று பெண்கள். யூகர் பாடுவதில் பேர்பெற்ற பாட்டி மொனாஷினோக். கிறிஸ்தவ மிஷனில் வேலை பார்த்த மகள் கன்னாரி மாட்சு. ஐனு பெயர் இமேகனு. பிறகு, பேத்தி சிரி யுகியே, மாட்சுவின் தங்கை மகள். அவளுக்கு வயது 15. இந்தப் பாட்டுகளுக்காக இவ்வளவு நேரமும் பணமும் செலவழிக்கிறீர்களே, எங்கள் யூகருக்கு உண்மையிலேயே அவ்வளவு மதிப்பு இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள் என்று கிந்தாய்ச்சி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மதிப்பு உண்டு என்று அவர் சொன்னதைக் கேட்டு அவள் அழுதாளாம். தன் மக்களின் மொழி கேவலம் என்று பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். அந்தக் கேள்வியை நான் எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

கிந்தாய்ச்சி அனுப்பிய வெற்று நோட்டுகளில் யுகியே எழுதத் தொடங்கினாள். பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு வளர்ந்த தெய்வப் பாட்டுகளில் 13ஐத் தேர்ந்தெடுத்தாள். ஐனு ஒலிகளை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று தானே யோசித்து முடிவு செய்தாள். எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. இதில் எது ஆராய்ச்சி இல்லை? தேர்வு, எழுத்துமுறை, பாடம், மொழிபெயர்ப்பு, முன்னுரை, எல்லாம் ஒரே ஆள், அதுவும் இருபது வயதுகூட ஆகாதவள். 1922இல் டோக்கியோவுக்கு வந்து கிந்தாய்ச்சியின் வீட்டில் தங்கி வேலையை முடித்தாள். அந்த ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, இதய நோயால், 19 வயதில் அதே வீட்டில் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தது. ஐனுக் குலத்தில் பிறந்த ஒருவர் தன் மக்களின் பாட்டைத் தானே எழுதி, தானே மொழிபெயர்த்து வெளிவந்த முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள்.

பெரியம்மா மாட்சு அதோடு விட்டுவிடவில்லை. யுகியே போன சில ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தன் நினைவிலிருந்த யூகர்களை ரோமன் எழுத்தில் எழுத ஆரம்பித்தார். ஒன்றிரண்டு ஆண்டு இல்லை, வயதாகித் தளரும்வரை எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நோட்டுகள், 10,000 பக்கங்களுக்கு மேல். எதிரே உட்கார்ந்து தட்டிக்கொடுக்கக் குச்சியோடு ஆள் கிடையாது. தனியாக உட்கார்ந்து, பாட்டைத் தனக்குள்ளேயே பாடிப் பாடி எழுதியிருக்கிறார். 1959 முதல் அவை கிந்தாய்ச்சியின் மொழிபெயர்ப்போடு தொகுதி தொகுதியாக வந்தன. எழுதியவர் என்று மாட்சுவின் பெயரும் அவற்றில் இருக்கிறது. கிந்தாய்ச்சியிடம் எனக்கு மரியாதை வருவது இந்த இடத்தில்தான். ஆனால் அதே கிந்தாய்ச்சி, ஐனு மறைந்துகொண்டிருக்கும் மக்கள், ஜப்பானியரோடு கலந்துவிடுவதுதான் அவர்களுக்கு வழி என்றும் நம்பினார். பாட்டை அவ்வளவு நேசித்தவர் பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மொழியைப் பேசுவதற்காக ஏன் வாதாடவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

யுகியேயின் தம்பி சிரி மஷிஹோ ஹொக்கைடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். வெளியாட்கள் எழுதிய ஐனு அகராதிகளில் இருந்த தப்புகளைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் எடுத்துக்காட்டினார். ஒரே குடும்பத்தில் பாட்டி, பெரியம்மா, அக்கா, தம்பி. நான்கு அறிஞர்கள் என்று நான் எண்ணுகிறேன். உலகம் ஒருவரைத்தான் பேராசிரியர் என்றது.

ஹொக்கைடோவின் நிபுதானி ஊரைச் சேர்ந்த ஐனு கயானோ ஷிகெருவின் நினைவுகளைப் படித்தால் மறுபக்கமும் தெரியும். அவருடைய ஊருக்கு வந்த ஆய்வாளர்கள் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துப்போனார்கள், ஆராய்ச்சி என்று சொல்லி மக்களின் இரத்தத்தை எடுத்தார்கள், பரம்பரைப் பொருட்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களைக் கண்டாலே வெறுப்பு என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். (ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் 1,000க்கும் மேற்பட்ட ஐனு மக்களின் எலும்புகள் இருந்தன. வழக்குப் போட்ட பிறகுதான் 2016இல் சிலருடையவை ஊர் மண்ணுக்குத் திரும்பின.) கயானோ வெறுப்போடு நின்றுவிடவில்லை. காட்டு வேலை பார்த்துச் சம்பாதித்த காசில் பழம்பொருட்களைச் சேர்த்தார். 1960 வாக்கில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு முதியவர்களின் வீடுகளுக்குப் போனார். எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவரை வளர்த்த பாட்டி ஐனு மொழியில்தான் கதை சொல்லியிருந்தார். 1994இல் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் முதல் ஐனு உறுப்பினரானார். மாட்சுவின் நோட்டுகளில் மொழிபெயர்க்காமல் கிடந்தவற்றை மொழிபெயர்க்கும் வேலையிலும் பல ஆண்டுகள் இருந்தார்.

இது ஐனு மக்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. சீனாவின் ஷின்ஜியாங்கில் வாழும் கிர்கிஸ் மக்களின் மனாஸ் காப்பியத்தை எட்டுத் தலைமுறைக் கதையாக, 2,30,000 அடிகளுக்கு மேல் பாடியவர் ஜூசுப் மமாய் (1918–2014). 1960களில் அவர் பாடியதை எழுதியெடுத்தார்கள். கலாசாரப் புரட்சிக் குழப்பத்தில் அந்தப் படிகளில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. 1970களின் இறுதியில் அவரைப் பெய்ஜிங்குக்கு அழைத்தார்கள். அறுபது வயது மனிதர் மறுபடியும் முதலிலிருந்து பாடினார். ஆவணக்காப்பகம் தொலைத்ததை ஒரு மனிதரின் நெஞ்சு வைத்திருந்தது. அவருக்கு முன்னால் அவருடைய அண்ணன் பல்பாய், பாடகர்களைத் தேடிப்போய்க் கேட்டுக் கையெழுத்துப் படிகளாகச் சேர்த்து வைத்திருந்தார். தம்பி பாட்டைக் கற்றது அந்தப் படிகளிலிருந்துதான். இதைத்தானே களப்பணி என்கிறோம்? பல்பாய்க்கு நாம் என்ன பட்டம் கொடுத்தோம்?

வாய்மொழிக் காப்பியம் பற்றிப் படிக்கும் எவருக்கும் பேரி–லார்டு கோட்பாடு பாடமாக வரும். பாடகர்கள் மரபான தொடர்களை வைத்து, பாடும்போதே காப்பியத்தைக் கட்டுகிறார்கள் என்று சொல்லும் அது, மில்மன் பேரி, ஆல்பர்ட் லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களின் பெயரைக் கொண்டது. 1933 முதல் 1935 வரை மில்மன் பேரி யூகோஸ்லாவியாவில் பாடகர்களைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளில் பாடகர்களோடு உட்கார்ந்து கேள்வி கேட்கும் குரல் பெரும்பாலும் நிகோலா வுய்னோவிச்சுடையது. அவரும் குஸ்லே என்ற, வில்லால் இழைத்து வாசிக்கும் தந்தி வாத்தியத்தோடு பாடத் தெரிந்தவர். பதிவுகளைக் கேட்டு எழுதியெடுத்தவரும் அவர்தான். கோட்பாட்டின் பெயரில் அவர் இல்லை. நானும் நாடா கேட்டு எழுதியவள் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது.

ஆய்வாளர்கள் போகாமல் இருந்திருந்தால் இதில் பாதிகூட மிஞ்சியிருக்காதே என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். கிந்தாய்ச்சி நோட்டு அனுப்பாவிட்டால் யுகியேயின் நூல் இல்லை. களப்பணி செய்கிறவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். மொழி கற்க வேண்டும், மழையிலும் குளிரிலும் அலைய வேண்டும், பல சமயம் கைக்காசு போட வேண்டும். நான் கேட்பது அந்த மரியாதையை இரண்டு பக்கத்துக்கும் கொடுங்கள் என்றுதான். பாடியவருக்குச் சம்மதம் என்றால் அவர் பெயர் அட்டையில் வரட்டும். பதிவின் ஒரு படி முதலில் அந்த ஊருக்குப் போகட்டும். பாட்டுக்கு நடுவில் அவர் பேசியதைப் பாட்டோடு சேர்த்தே அச்சிடுங்கள். அந்தக் குடியின் பிள்ளைகளுக்கு ஆய்வு உதவித்தொகையும் ரெக்கார்டரும் கொடுத்து அனுப்பினால் நம்மைவிட நன்றாகவே செய்வார்கள். தகவலாளி என்ற சொல்லுக்குப் பதில் பாடகர், கதைசொல்லி, ஆசான் என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் இருக்கின்றன.

நான் எழுதிய நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பேச்சை விட்ட இடங்களில் மூன்று புள்ளி வைத்திருக்கிறேன். போன வாரம் உட்கார்ந்து எண்ணினேன். 214 இடங்கள். அத்தை பாடியது ஏன் தப்பு என்று அந்தப் பெண்மணி சொன்னது மட்டும் மனதில் நின்றிருக்கிறது, மீதி போய்விட்டது. நாடாக்களின் படி கேட்டு எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். கிடைத்தால் முதலில் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன். அவர் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதலாமா என்று அவருடைய பிள்ளைகளிடம் கேட்ட பிறகு எழுதுகிறேன்.