"ஒண்ணும் மாறலை தங்கச்சி"

மறுபடியும் அதே கூத்து. ஏசிசிஏ என்கிற பிரிட்டிஷ் கணக்காளர் தேர்வின் ஜூன் ரிசல்ட் ஜூலை நடுவில் வருகிறது. செப்டம்பர் தேர்வுக்குப் பணம் கட்டும் ஸ்டாண்டர்ட் கெடு ஜூலைக் கடைசியில் முடிகிறது. தோற்றவர் அழுது, மூக்கைச் சிந்தி, வீட்டில் சொல்லி, பவுண்டுக் கட்டணத்தை நம்ம மொரீஷியஸ் ரூபாயில் பெருக்கிப் பார்த்துத் தெளிவதற்குள் இரண்டு வாரம் போய்விடும். சரியாக அந்த இரண்டு வாரத்தில்தான் இந்தத் தீவின் ஏசிசிஏ ட்யூஷன் சென்டர்கள் தங்கள் கிடங்கைக் காலி செய்கின்றன.

ரோஸ் ஹில்லில் ஒரு சென்டர். பெயர் எதற்கு, எந்த ஊர்ச் சென்டரைப் போட்டாலும் பொருந்தும். கவுண்டர் முன்னால் ஒரு பெண். எஸ்பிஆர் என்ற நிதி அறிக்கைத் தாளில் 47 வாங்கித் தோற்றவள். பயிற்சிக்கு இன்னொரு ரிவிஷன் கிட் வேண்டும் என்கிறாள். கவுண்டர்காரர் குனிகிறார். மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசியைத் தட்டுகிறார். தட்டியதுமே புரிந்திருக்க வேண்டும். புத்தகத்தின் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் உறை, அதன் மேல் தள்ளுபடி ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் எங்கே ஒட்டப்பட்டிருந்தது தெரியுமா? அட்டையில் இவ்வளவு இடம் இருக்க, சரியாக எந்தத் தேர்வு வரை செல்லும் என்று அச்சடித்திருக்கும் அந்த ஒரே வரியின் மேல்.

"இது செப்டம்பருக்குச் செல்லுமா அண்ணே?"

"செல்லும் தங்கச்சி."

"சிலபஸ் மாறியிருக்குன்னாங்களே?"

"ஒண்ணும் மாறலை தங்கச்சி. கொஞ்சம் வார்த்தை மாத்தியிருப்பாங்க. கணக்கு கணக்குதானே?"

இதைச் சொல்லும்போது அவர் தலைக்கு மேலேயே ஆளுயர பேனர் தொங்குகிறது: "2027-ல் எல்லாம் மாறுகிறது! இப்போதே சேருங்கள்!" அதாவது, சேர்க்கை என்றால் எல்லாம் மாறுகிறது, பழைய புத்தகம் என்றால் ஒன்றும் மாறவில்லை. சுவர் ஒன்று சொல்லும், அதன் கீழே உட்கார்ந்திருப்பவர் வேறொன்று சொல்வார், இரண்டுக்கும் ரசீது ஒரே மேஜையில் கிழிப்பார்கள். பேனருக்குப் பக்கத்தில் "வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம்" என்று ஒரு நோட்டீஸ் வேறு. 2026 மார்ச்சிலிருந்து விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒழிய வீட்டிலிருந்து எழுத விடமாட்டார்கள் என்பது அந்தச் சுவருக்கு இன்னும் தெரியாது.

அந்தப் பெண் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுகிறாள். ஒரு ஓரம் வருகிறது. கவுண்டர்காரர் "கிழிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார். அவள் சுரண்டுகிறாள். அடுத்த ஓரம். "ஜூன்" வருகிறது. "2025" வருகிறது. செப்டம்பர் 2024-லிருந்து ஜூன் 2025 வரை செல்லும் கிட்! அண்ணன் முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே. "அதனாலதானே தள்ளுபடி" என்றார். அப்படியே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வார்த்தை மட்டும்தான் மாறியதா? ஏசிசிஏ-யில் வழக்கம் இது: ஒரு வருடம் ஆகஸ்ட் 31-க்குள் வெளியான கணக்கியல் தரநிலை அடுத்த வருட செப்டம்பரிலிருந்து தேர்வில் கேட்கப்படும். நிதி அறிக்கையை எந்த வடிவில் காட்டுவது என்று சொல்லும் புதிய சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 18. அது வெளியானது 2024 ஏப்ரல். அப்படியென்றால் 2025 செப்டம்பரிலிருந்து உள்ளே வந்துவிட்டது. அந்தத் தூசி கிட்டில் இருப்பது அதற்கு முந்தைய ஐஏஎஸ் 1. பழைய வடிவில் லாப நட்டக் கணக்கு போட்டுப் பழகினால் என்ன ஆகும்? புதிய தரநிலை வருமானத்தையும் செலவையும் இயக்கம், முதலீடு, நிதி என்று பிரிக்கச் சொல்கிறது. இயக்க லாபம் என்ற துணைக் கூட்டுத்தொகை கட்டாயம், நிதிச் செலவுக்கும் வரிக்கும் முந்தைய லாபம் என்று இன்னொன்றும் கட்டாயம். நிர்வாகம் தானாக இட்டுக்கட்டி வெளியே பேசும் "சரிக்கட்டிய லாபம்" மாதிரியான அளவைகளுக்குத் தனிக் குறிப்பு எழுதி, தரநிலைப்படியான தொகையிலிருந்து எங்கே, எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். பணப் பாய்வு அறிக்கையின் தொடக்கப் புள்ளிகூட இயக்க லாபத்துக்கு மாறிவிட்டது. கம்பெனிகளுக்கே 2027 ஜனவரி 1 வரை அவகாசம் உண்டு, மாணவருக்குத்தான் கிடையாது. இதுதான் அண்ணனின் "கொஞ்சம் வார்த்தை".

எஸ்பிஎல் என்ற வணிக உத்தித் தாளின் பழைய கிட் இன்னும் மோசம். 2023 செப்டம்பருக்கு முன் நான்கு மணி நேரத் தாள். இப்போது மூன்றே கால் மணி நேரம், தேர்வில் வரும் கம்பெனியின் பின்னணியைச் சொல்லும் முன்தகவல் ஆவணம் இரண்டு வாரம் முன்பே கைக்கு வந்துவிடும். பழைய கிட்டை வைத்து நேரம் பிரித்துப் பழகியவர் ஹாலில் கடைசிக் கேள்விக்கு வரும்போது திரை மூடிக்கொள்ளும்.

இத்தனைக்கும் உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு காசு செலவில்லை. ஏசிசிஏ தளத்தில் உங்கள் தாளின் சிலபஸ் பிடிஎஃப் இலவசம். முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள், அது யாரையும் தூங்க வைக்கும். நேராகக் கடைசிக்குப் போங்கள். அங்கே மாற்றங்களின் சுருக்கம் இருக்கும், எது சேர்ந்தது, எது போனது என்று. அதோடு அந்தத் தேர்வு ஆண்டின் "தேர்வுக்குரிய ஆவணங்கள்" பட்டியல். தேர்வு ஆண்டு என்பது செப்டம்பரிலிருந்து ஜூன் வரை. ஜூனில் தோற்றுச் செப்டம்பரில் எழுதுபவர், தோற்ற அன்றே வேறு சிலபஸுக்குத் தாவிவிட்டார் என்று அர்த்தம். இதை எந்தக் கவுண்டரும் சொல்லாது. டிஎக்ஸ்-யூகே மாதிரியான பிரிட்டிஷ் வரித் தாள்களுக்கு மட்டும் ஜூனிலிருந்து மார்ச் வரை. ஏன் அவை மட்டும் என்று கேட்டால் பிரிட்டிஷ் பட்ஜெட் என்பார்கள். வாரிசு வரி என்ற ஒன்றே இல்லாத மொரீஷியஸில் உட்கார்ந்துகொண்டு, அன்பளிப்பு கொடுத்து ஏழு வருடத்துக்குள் கொடுத்தவர் செத்தால் லண்டனில் எவ்வளவு வரி என்று நாம் கணக்கு போடுவது தனிக் கதை. விடுங்கள்.

சென்டரை மட்டும் திட்டினால் நியாயமில்லை. நியாயமாக இருக்கும் எண்ணமும் இல்லை, ஆனாலும். மேலே உட்கார்ந்து மாற்றுகிறவர்களுக்குப் பாதி வழியில் நிற்பவர் கண்ணில் படுவதே இல்லை. 2018-ல் பி1, பி3 என்ற இரண்டு பழைய தாள்களையும் சேர்த்து எஸ்பிஎல் ஆக்கினார்கள். இரண்டும் பாஸ் ஆனவருக்கு எஸ்பிஎல் கணக்கில் வந்தது. ஒன்று மட்டும் பாஸ் ஆனவருக்கு? பட்டை நாமம். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மறுபடி பெண் பார்க்க வரச் சொன்ன மாதிரி, முழு எஸ்பிஎல்லையும் எழுது என்றார்கள். இந்தப் பக்கம் ஏழு வருட விதி: மேல்நிலையில் முதல் தாள் பாஸ் ஆன நாளிலிருந்து கடிகாரம் ஓடும், ஏழு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பழைய பாஸ் ஒவ்வொன்றாக உதிரும். பாடத்தை மட்டும் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள்.

கெடுத் தேதிகளைப் பற்றிப் பேசினால் ரத்தக் கொதிப்பு ஏறும். மார்ச் தேர்வுக்குச் சலுகைக் கட்டணத்தில் பதிய வேண்டுமா, நவம்பரிலேயே கட்டு. டிசம்பர் தேர்வையே இன்னும் எழுதவில்லையே ஐயா? எழுதித் தோற்கப்போகிறேனா என்று ஜோசியரிடம் கேட்டுக் கட்ட வேண்டும் போல. ஸ்டாண்டர்ட் கெடு ஜனவரிக் கடைசி, தைப்பூசக் காவடி விரதம் வந்து நிற்கும் நேரம். பட்டினியோடு போர்ட்டலைத் திறந்தால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். தவறினால் லேட் கட்டணம், எல்லாவற்றிலும் அதுதான் உச்சம். டிசம்பரும் மார்ச்சும் நமக்குப் புயல் சீசன் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும், அங்கே மழை என்றால் குடைதானே.

கடைசியில் அந்தப் பெண் வாங்கவில்லை. பாதி சுரண்டிய ஸ்டிக்கரோடு கிட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் என்ன செய்தார்? இன்னொரு ஸ்டிக்கரை எடுத்து அதே வரியின் மேல் ஒட்டினார். தள்ளுபடி இந்த முறை இன்னும் அதிகம். சிரிக்காமல் என்ன செய்ய.

ஆத்திரத்துக்கு ஒரு ஜோடி டால் பூரியாவது தின்னலாம் என்று வெளியே வந்தால், காலை பதினொரு மணிக்கே சட்னி தீர்ந்துவிட்டதாம்! விலை மட்டும் ஏற்றத் தெரிகிறது, ஒரு கை கொத்தமல்லி கூட அரைக்கத் தெரியாதா? பூரிக்காரரையும் கேட்டேன். "எப்பவும் இப்படித்தானே" என்கிறார்!